பேசி வைத்த பெண்ணுக்கு ஊசி இல்லை

அமல்ராணிக்கு இரட்டைப் பெண்கள். முதலில் வந்தவள் ஜெனித்தா, அவள் பின்னாலேயே வந்தவள் பெனிலா. இரண்டையும் பெற்றவள் அமல்ராணிதான், பால் கொடுத்து, சளிக்கு மருந்து தடவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கியவளும் அவள்தான். ஆனாலும் ஒருத்திதான் அவளுக்குச் சொந்தம். இன்னொருத்தியை ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கே நாத்தனார் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

எடுத்துக்கொண்டாள் என்றால் விழுப்புரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம். அன்று திண்டிவனம் கோயிலில் சாமியார் தண்ணீர் ஊற்றியபோது மூத்த குழந்தையை ஏந்திக்கொண்டு நின்ற ஞானத்தாய், அமல்ராணியின் புருஷன் லூர்துநாதனின் அக்கா அக்னஸ். பூசை முடிந்து வீட்டில் பிரியாணிப் பந்தி நடந்தது. குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே அக்னஸ் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "இது எம் பையன் அருணுக்கு. இப்பவே சொல்லிட்டேன், வேற எவனும் இதும் மேல கண்ணு வெக்கக் கூடாது." பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்துநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அமல்ராணியும் சிரித்தாள். பிள்ளை பெற்ற அலுப்பில் இருந்தவள், அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள்.

அத்தை மகனுக்குப் பேசி வைப்பது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. சொந்த அத்தை மகன் என்றால் ஆயரிடம் விலக்குக் கேட்டு எழுத வேண்டும், பங்குச் சாமியார் கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார், பிறகு நடத்தி வைப்பார். அதெல்லாம் பிற்பாடு வருகிற வேலை. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து வருஷம் அந்தப் பெண் பெற்றவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அத்தை வீட்டுப் பெண்ணாக வளர வேண்டும். ஜெனித்தா அப்படித்தான் வளர்ந்தாள். அவள் தலைமுடியைக் கழுத்தளவு வெட்டலாமா என்று அக்னஸைக் கேட்டார்கள். சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டார்கள். அவள் வயதுக்கு வந்தபோது மஞ்சள் தண்ணீரை முதலில் ஊற்றியது அக்னஸ்தான். பெனிலா பின்னால் வயதுக்கு வந்தாள். அதற்கு அக்னஸ் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அக்னஸுக்கு இந்த வீட்டில் இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. லூர்துநாதன் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் தாய் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அக்னஸ்தான் அவனுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள ஆளைப் பிடித்து விட்டதும் அவள்தான், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவள்தான். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவனுடைய பைக் பட்டறைக்கு அக்காவின் பெயரைத்தான் வைத்திருக்கிறான். "எங்கக்கா இல்லைன்னா நான் ஏது" என்பான். உண்மைதான். ஆனால் நன்றிக்கடனைத் தன் முதுகில் சுமக்காமல் மகளின் முதுகில் ஏற்றி வைத்த புத்திசாலி அவன்.

அமல்ராணி பிறந்தது கண்டமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு காலனியில். அப்பா சவுரிராயன் கரும்பு வெட்டப் போவார், அந்த வேலை இல்லாதபோது புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போவார். ஒரு சாண் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. ரீத்தா, அமல்ராணி என்று இரண்டே பெண்கள். அமல்ராணி பத்தாவது வரை படித்தாள். திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்குகிறாள். குவித்துக் கொட்டிய பருப்பில் சொத்தையையும் பூசணம் பிடித்ததையும் தனியே எடுத்துப் போட வேண்டும். கை பழகிவிட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை என்பாள். அப்படிப்பட்டவள் தன் வீட்டில் கிடந்த சொத்தையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள், எடுத்துப் போடவில்லை.

அக்கா ரீத்தாவைக் கண்டாச்சிபுரம் பக்கம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பிறந்து பெரிதான பிறகு அவளுக்கு நாள் தவறி உதிரம் படத் தொடங்கியது. பொம்பளைக்கு இதெல்லாம் இருப்பதுதான் என்று துணியை மடித்து வைத்துக்கொண்டு களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. முதுகு பிடித்து எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு நம் ஜனம் வைத்திருக்கும் பெயர் அது. துணைக்கு இருந்தவள் அமல்ராணி. நோவைக்கூட ரீத்தா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள், நாற்றத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் பவுடர் கொட்டுடி, அவங்க சாப்புட ஒக்காந்திருக்காங்க பாரு" என்று தங்கையிடம் கெஞ்சினாள். கடைசியில் ஊருக்குக் கொண்டு வந்தபோது புருஷன் அவள் கட்டிலை மாட்டுக் கொட்டகையில் போட்டான். அங்கேதான் செத்தாள்.

வயிற்றில் கட்டி என்று ஊரில் சொன்னார்கள். சொந்தக்காரர்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். அக்னஸிடம் அதைச் சொன்னவள் அமல்ராணியேதான். கர்ப்பப்பை என்ற வார்த்தை வெளியே வந்தால், இது ரத்தத்தில் ஓடுகிற நோய், தங்கைக்கும் வரும், தங்கை பெற்ற பெண்களுக்கும் வரும் என்று பேச்சுக் கிளம்பும் என்று பயந்தாள். பயந்ததில் தவறில்லை, அப்படித்தான் பேசுவார்கள். அந்தப் பொய்யை அவளும் லூர்துநாதனும் சேர்ந்து காப்பாற்றி வந்தார்கள்.

பெண்கள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் தாய்மார்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பாசிரியை கலையரசி முதலில் பேசினார், பிறகு சுகாதார நர்ஸ் பேசினார். பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக ஊசி போடப் போகிறோம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கிற ஊசி, கல்யாண வயதுக்கு ரொம்ப முன்னாலேயே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும் என்றார். அந்த நோயின் பெயரை ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், கூட்டத்துக்கு நடுவில் சொன்னதை அமல்ராணி அன்றுதான் கேட்டாள்.

முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "எங்க புள்ளைங்க அந்த மாதிரி புள்ளைங்க இல்லீங்களே. அதுங்களுக்கு எதுக்கு இப்பவே?"

"போலியோ சொட்டு மருந்து குடுத்தீங்களே, கொழந்தை இன்னா தப்பு பண்ணிச்சின்னா குடுத்தீங்க?" என்றார் நர்ஸ். "இது புள்ளை கெட்டுப்பூடும்னு போடுறது இல்லம்மா. நாளைக்கு கல்யாணம் கட்டிக்கினு நல்லா இருக்கணும்னு போடுறது."

"புள்ளை நிக்காதுன்னு வாட்ஸப்ல வந்துச்சே" என்றது பின்னால் ஒரு குரல்.

"அப்படி ஒண்ணும் இல்ல. எத்தனையோ நாட்டுல வருஷக் கணக்கா போட்டுக்கினு இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் புள்ளை பொறந்துக்கினுதான் இருக்கு."

கூட்டம் கலைந்த பிறகு அமல்ராணி நர்ஸிடம் போய்த் தயங்கி நின்றாள். "இந்த ஊசி முன்னாடியே போட்டிருந்தா, இதால செத்தவங்க பொழச்சிருப்பாங்களாங்க?"

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். "நெறைய பேருக்கு வந்தே இருக்காதும்மா" என்றார். "யாராச்சும் தெரிஞ்சவங்களா?"

"பக்கத்து வூட்டுல ஒருத்தவங்க" என்றாள் அமல்ராணி. கூடப் பிறந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று மாலை லூர்துநாதன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஊசிக்காகப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த சம்மதத் தாள்களை வாங்கினான். பெனிலாவின் தாளில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். ஜெனித்தாவின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அதுல போடல?" என்றாள் அமல்ராணி.

"ஞாயித்துக்கெழமை விழுப்புரம் போவோம். அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"இதுக்குமா? பெத்தது நாமதானே."

"பெத்தது நாம, கூட்டிக்கினு போவப் போறது அவங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, என்னைக் கேக்காம எப்படிடா போட்டேன்னு கேக்கும். நான் இன்னா பதில் சொல்றது?"

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. மகளுக்கு ஊசி போடக் கூடாது என்று அவன் நினைக்கவே இல்லை. அடுத்த வீட்டுப் பொருளில் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு அநியாயமும் செய்யலாம்.

"அப்போ ரீத்தாக்கா விஷயத்தைச் சொல்லிடலாம் அண்ணிகிட்ட" என்றாள் அமல்ராணி. "எதுக்கு கேக்குறோம்னு புரியும்."

"சொல்லு. ரத்தத்துல ஓடுற நோவுன்னு அன்னிக்கே பேச்சை முடிச்சிக்கும். அப்புறம் ஊசியும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. பரவாயில்லையா ஒனக்கு?"

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் அக்னஸுக்குச் சொந்த வீடு, மாடியும் கட்டியாகிவிட்டது. அக்னஸின் கணவர் அந்தோணிசாமிக்கு ரயில்வேயில் வேலை. மகன் இருதய அருண் டிப்ளமோ முடித்துவிட்டான், அவனும் ரயில்வேக்குள் போய்விடுவான் என்று பேச்சு. குடிப்பழக்கம் இல்லை. சவுரிராயனின் பேத்தி அப்படி ஒரு வீட்டுக்குள் மருமகளாகப் போவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை லூர்துநாதனைவிட அமல்ராணிக்குத்தான் அதிகம். "அத்தை சொன்னா கேக்கணும்டி, அத்தை மனசு கோணக் கூடாது" என்று ஜெனித்தாவுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான்கு பேரும் விழுப்புரம் போனார்கள். அக்னஸ் மீன் குழம்பு வைத்திருந்தாள். ஜெனித்தாவைக் கண்டதும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பின்னியிருந்த சடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள். அந்தப் பெண் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தது. பெனிலா மாமா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். லூர்துநாதன் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான், என்னமோ வண்டிக்கு ஆயில் மாற்றுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அக்னஸ் சடைக்கு ரிப்பனைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "வேணாம்பா. நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. வயித்துல சம்பந்தப்பட்ட ஊசி. எனக்கு இருக்கறது ஒத்தைப் பையன்."

"நர்ஸம்மா அப்படியெல்லாம் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாங்க அண்ணி" என்றாள் அமல்ராணி.

"அவங்க சொல்லிட்டு பூடுவாங்க ராணி. நாளைக்கு புள்ளை இல்லாம நின்னா அவங்களா வந்து பதில் சொல்லப் போறாங்க?"

"பெனிலாவுக்குப் போடச் சொல்லி கையெழுத்து போட்டுட்டேன்க்கா" என்றான் லூர்துநாதன்.

"போடு. அவளுக்கு நீங்க பாத்து இன்னா பண்ணாலும் சரி. இவளுக்கு நான் சொல்றேன், வேணாம்."

அமல்ராணியின் நாக்கு நுனியில் ரீத்தாவின் பெயர் வந்து நின்றது. என் அக்கா வயிற்றுக் கட்டியில் சாகவில்லை அண்ணி, இதில்தான் செத்தாள், மாட்டுக் கொட்டகையில் செத்தாள் என்று சொல்லிவிட்டால் போதும். லூர்துநாதன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அருணுடைய சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்தாள். பிறகு குனிந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடந்ததையெல்லாம் ஜெனித்தா அத்தையின் மடியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசி போடும் நாளுக்கு முன் கலையரசி டீச்சர் மில்லுக்குப் போன் செய்தார். "ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க, ஒண்ணுக்கு மட்டும் தாள் வந்திருக்கே? அப்பாதான் கையெழுத்து போடணும்னு இல்லம்மா, நீங்க போட்டாலும் செல்லும். காலையில குடுத்து அனுப்பினாக்கூட போதும்."

"பாக்கறேன் டீச்சர்" என்றாள் அமல்ராணி.

பார்க்கிறேன் என்று சொன்னவள் பார்க்கவில்லை. அவள் கையை யாரும் கட்டிப் போடவில்லை. புருஷன் அடிக்கிறவன் இல்லை, அக்னஸ் ஆள் அனுப்பி விசாரிக்கிறவள் இல்லை. புருஷனின் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தன் பெயரை எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஊசி நாளன்று காலையில் இரண்டு பெண்களுக்கும் தலைவாரி, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சோறு கட்டிக் கொடுத்து, ஒருத்தியை ஊசிக்கும் ஒருத்தியைச் சும்மாவும் அனுப்பினாள். சாயங்காலம் பெனிலா கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள், கொஞ்சம் வலிக்கிறது என்றாள். ஒனக்கு ஏன் போடலைன்னு கேட்டாங்களாடி என்று ஜெனித்தாவிடம் அமல்ராணி கேட்டாள். கேட்டார்கள், அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொன்னேன் என்றது பெண். அதை ஒரு பெருமை மாதிரி சொன்னது.

கோடை விடுமுறையில் அக்னஸின் மகள் ஜாக்குலின் திண்டிவனம் வந்து தங்கினாள். பெனிலாவையும் ஜெனித்தாவையும்விட மூத்தவள், பிளஸ் டூ எழுதிவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தாள். அதற்குள் இரட்டையர்களுக்குப் பதினைந்து முடிந்துவிட்டிருந்தது, பள்ளிக்கூடத்து ஊசிக்கு வயதும் கடந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் மூன்று பெண்களும் மாங்காய் நறுக்கி மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஊசிக்கு ஒருத்தி மயங்கி விழுந்த கதையைப் பெனிலா சொன்னாள்.

"கர்ப்பப்பை ஊசிதானே, எனக்குக்கூட அப்படித்தான் தலை சுத்திச்சி" என்றாள் ஜாக்குலின். "எனக்கு ரெண்டு தடவை போட்டாங்க. ரெண்டாவது தடவை ஒண்ணும் தெரியல."

அமல்ராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு எப்போ போட்டாங்கம்மா?"

"எட்டாவது படிக்கறப்போ அத்தை. அம்மா பிரைவேட்டுல கூட்டிக்கினு போய் போட்டாங்க. எங்க டாக்டரம்மா கண்டிப்பா போடணும்னு சொன்னாங்களாம்."

சொன்ன பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. அது இன்னொரு துண்டு மாங்காயை எடுத்துக்கொண்டது. அமல்ராணிக்கு மடித்த துணி கையிலேயே நின்றுவிட்டது. எட்டாவது என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு எத்தனையோ காலம் முன்னால். தன் பெண்ணுக்கு இரண்டு ஊசியும் போட்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டுதான் அக்னஸ் அந்தச் சடையைப் பின்னினாள்.

மகளைக் கூட்டிப் போக அக்னஸ் வந்த அன்று, லூர்துநாதன் பட்டறையில் இருந்தான். அமல்ராணி டீ போட்டுக் கொண்டு வந்து வைத்தாள்.

"ஜாக்குலினுக்கு ஊசி போட்டிருக்கீங்களாமே அண்ணி."

அக்னஸ் திடுக்கிடவில்லை. அதுதான் அமல்ராணியால் தாங்க முடியாமல் போனது. "ஆமாம், போட்டேன்."

"அப்போ ஜெனித்தாவுக்கு ஏன் வேணாம்னீங்க?"

"ராணி, நான் ஒளிச்சி ஒண்ணும் பேசல. டாக்டரம்மா அந்த நோவைப் பத்தி சொன்னப்போ பெத்த வயிறு பயந்துபூடுச்சி, போட்டுட்டேன். நாளைக்கு ஜாக்குலினுக்கு புள்ளை இல்லாமப் போச்சின்னு வெச்சிக்கோ, அவ எம் பொண்ணு, நான் வெச்சிக் காப்பாத்துவேன். ஜெனித்தாவுக்கு இல்லாமப் போனா எம் பையனோட வம்சம் நின்னுபூடும். ஆவும், ஆவாது, எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை எம் பையன் விஷயத்துல நான் எதுக்கு செய்யணும்?"

"அவளுக்கு அந்த நோவு வந்தா?"

அக்னஸ் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "வர்றப்போ பாத்துக்கலாம். எல்லாருக்குமா வருது? என் எடத்துல இருந்தா நீயும் இப்படித்தான் பாப்பே."

டீயைக் குடித்துவிட்டு, ஜெனித்தாவுக்கு வாங்கி வந்த சுடிதாரைக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ரீத்தா எப்படிச் செத்தாள் என்பதை அமல்ராணி அப்போதும் சொல்லவில்லை. சொல்லிப் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்னஸுக்கு நோயைப் பற்றித் தெரியாமல் இல்லை. மகள் என்றால் அவள் உயிரைப் பார்த்தாள், மருமகள் என்றால் வயிற்றைப் பார்த்தாள்.

லூர்துநாதனிடம் சொன்னபோது அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான். பிறகு, "அக்கா பண்ணா அதுல ஏதாவது காரணம் இருக்கும்" என்றான்.

"காரணத்தைத்தான் சொல்லிட்டு போனாங்களே. காதுல விழலையா ஒனக்கு?" அமல்ராணி புருஷனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்தானா என்றுகூடத் தெரியவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறு வாரம் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜெனித்தாவை மட்டும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்திலேயே ஒரு லேடி டாக்டர் கிளினிக்குக்குப் போனாள். பதினைந்து முடிந்தாலும் போடலாம், ஆனால் மூன்று தவணை வர வேண்டும் என்று முதல் நாளே விசாரித்து வைத்திருந்தாள். எங்கே போகிறோம் என்று பெண்ணிடம் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். சின்னக் குரலில், மற்றவர்களுக்குக் கேட்காமல், ரீத்தா பெரியம்மாவின் கதையையும் சொன்னாள். உதிரத்தைச் சொன்னாள், கட்டிலை எங்கே போட்டார்கள் என்பதைச் சொன்னாள். ஜாக்குலினுக்கு அவள் அம்மா போட்டதையும், அதற்குச் சொன்ன காரணத்தையும் சொன்னாள். இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை எல்லாம் அந்த பெஞ்சில் கொட்டினாள். பேசி முடித்தபோது மனசு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஜெனித்தா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, "எனக்கு வேணாம்மா" என்றாள்.

"வலிக்காதுடி."

"வலிக்கு இல்ல. அத்தை வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"அவங்க அவங்க பொண்ணுக்குப் போட்டுட்டாங்கன்னு சொல்றேன், புரியலையா?"

"ஜாக்கு அவங்க பொண்ணு. அவங்க போட்டா யாரு கேக்கப் போறாங்க." பெண்ணின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. நன்றாக யோசித்து வைத்திருந்த மாதிரி பேசினாள். "நான் போட்டுக்கினு, நாளைக்கு எனக்குப் புள்ளை லேட்டா பொறந்தாக்கூட, அந்த ஊசியாலதான்னு சொல்லுவாங்க. தெனம் சொல்லுவாங்க. அப்போ நான்தானே அந்த வூட்டுல இருப்பேன். நீயா வந்து இருக்கப் போறே?"

பதினைந்து வயதுப் பெண், வாழப் போகிற வீட்டை அளந்து வைத்துவிட்டது. நோய் எப்போதோ வரலாம், வராமலும் போகலாம். அத்தை தினமும் இருப்பாள். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க அமல்ராணியால் முடியவில்லை. கல்யாணமே வேண்டாம்டி, அந்த வீடே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அருண் மாமா என்று பெயரைக் கேட்டாலே சிவந்து போகிற முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜெனித்தா எழுந்து வாசல் பக்கம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள்.

"பொண்ணு வேணாங்குதுங்க" என்றாள் அமல்ராணி.

"வற்புறுத்திப் போட மாட்டோம்மா. வூட்டுல பேசி இன்னொரு நாள் கூட்டிக்கினு வாங்க" என்ற நர்ஸ், வாசலில் நின்ற பெண்ணை எட்டிப் பார்த்தாள். "சின்னப் பொண்ணாதானே இருக்கு. நீங்க எடுத்துச் சொன்னா கேக்காதா?"

"என் பேச்சைக் கேக்கச் சொல்லி நான் அவளை வளக்கலைங்க" என்றாள் அமல்ராணி.